வைஃபை முழுசா காட்டுது, நெட் மட்டும் வரலை: அறிகுறியை வைத்துப் பழுதைப் பிடிக்கும் வழி

போனில் வைஃபை கோடுகள் முழுதாக நிற்கின்றன. வாட்ஸ்அப்பில் அனுப்பிய செய்தி கடிகாரக் குறியோடு அப்படியே கிடக்கிறது. யூடியூப் சுற்றிக்கொண்டே இருக்கிறது. இந்த நேரத்தில் பல வீடுகளில் யாராவது ஒருவர் குண்டூசியை எடுத்து ரவுட்டரின் பின்னால் உள்ள ரீசெட் துளையில் விட்டு அழுத்திவிடுகிறார். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். ஆஃப் செய்து ஆன் செய்வது வேறு, அந்தத் துளையை அழுத்துவது வேறு. துளையை அழுத்தினால் கனெக்‌ஷன் கொடுத்தவர் உள்ளே போட்டுவைத்த யூசர்நேம், பாஸ்வேர்டு, விலான் எண் (அவருடைய நெட்வொர்க்கில் உங்கள் இணைப்பைப் பிரித்துக்காட்டும் எண்) எல்லாம் அழிந்துவிடும். பத்து நிமிடத்தில் தானாகச் சரியாகியிருக்கக்கூடிய ஒரு பழுது, ஆள் வந்து பார்க்கும் வரை இரண்டு நாள் இழுக்கும்.

முதலில் அந்தக் கோடுகளைப் பற்றித் தெளிவாக இருப்போம். உங்கள் போனுக்கும் ரவுட்டருக்கும் நடுவே ரேடியோ அலை எவ்வளவு பலமாக இருக்கிறது என்பதை மட்டுமே அவை காட்டுகின்றன. பின்னால் வரும் ஃபைபரை உருவிவிட்டு, வெறும் கரண்ட் மட்டும் கொடுத்து வைத்தாலும் ரவுட்டர் வைஃபையைப் பரப்பிக்கொண்டேதான் இருக்கும், கோடும் குறையாது. நெட் இருக்கிறதா என்பதைப் போன் வேறு வழியில் சோதிக்கிறது. ஆண்ட்ராய்டு கூகுளின் ஒரு சின்ன முகவரியைத் தட்டிப்பார்த்து, அங்கிருந்து 204 என்ற பதில் வந்தால் நெட் உண்டு என்று முடிவு செய்யும். வராவிட்டால் கோட்டுக்குப் பக்கத்தில் ஆச்சரியக்குறி போடும். விண்டோஸ் மைக்ரோசாஃப்டின் ஒரு பக்கத்தில் இருக்கும் ஒரு வரியைப் படித்துப் பார்க்கும், ஐபோன் ஆப்பிளின் பக்கத்தை. ஆகவே கோட்டை விட அந்த ஆச்சரியக்குறிதான் உங்களுக்கு உபயோகமான சேதி.

வழியில் மூன்று கண்ணிகள் இருக்கின்றன. உங்கள் போனிலிருந்து ரவுட்டர் வரை ஒன்று. ரவுட்டரிலிருந்து கனெக்‌ஷன் கொடுத்தவரின் இடம் வரை இரண்டாவது. அங்கிருந்து வெளியுலகம் மூன்றாவது. எந்தக் கண்ணி அறுந்தது என்று தெரிந்துகொள்வதுதான் முக்கால்வாசி வேலை. அதற்கு இரண்டு கேள்வி போதும். வீட்டில் எல்லோருக்கும் வரவில்லையா, உங்களுக்கு மட்டுமா? பெட்டியில் எந்த லைட் எப்படி எரிகிறது?

லேப்டாப் இருந்தால் மூன்றாவது கேள்வியும் கேட்டுவிடலாம். கமாண்ட் ப்ராம்ட்டைத் திறந்து, பிங் என்று ஆங்கிலத்தில் அடித்து, ஒரு இடைவெளி விட்டு ரவுட்டரின் எண்ணை அடியுங்கள். பெரும்பாலும் 192.168.1.1 அல்லது 192.168.0.1 ஆக இருக்கும். வைஃபை அமைப்பில் கேட்வே என்ற இடத்தில் சரியான எண் எழுதியிருக்கும். பதில் வந்தால் முதல் கண்ணி நன்றாக இருக்கிறது. அடுத்து அதேபோல் 8.8.8.8 (இது வெளியே இருக்கும் கூகுள் சர்வரின் எண்). இதற்கும் பதில் வந்தால் வெளியே போகும் வழி திறந்தே இருக்கிறது. கடைசியாகக் கூகுள் டாட் காம் என்ற பெயரை அடியுங்கள். எண்ணுக்குப் பதில் வந்து பெயருக்கு வரவில்லை என்றால் கோளாறு டி.என்.எஸ்ஸில், அதாவது தளத்தின் பெயரை எண்ணாக மாற்றும் சேவையில். இந்த மூன்று பிங்கும் சேர்த்து ஒரு நிமிட வேலை. இதைச் செய்யாமல் செட்டிங்கைத் தொடுவது இருட்டில் துழாவுவது.

எல்.ஓ.எஸ் லைட் சிவப்பாக மினுக்குகிறது

ஃபைபர் கனெக்‌ஷன் உள்ள வீடுகளில் சுவரோரம் இருக்கும் பெட்டியை மோடம் என்றே எல்லோரும் சொல்கிறோம். அதன் முறையான பெயர் ஓ.என்.டி. அதில் எல்.ஓ.எஸ் என்று எழுதிய லைட் சிவப்பாக வந்துவிட்டால் வைஃபை, பாஸ்வேர்டு, டி.என்.எஸ் எதையும் பார்க்க வேண்டியதில்லை. ஃபைபர் வழியாக வர வேண்டிய ஒளி பெட்டிக்கு வந்து சேரவில்லை. அவ்வளவுதான்.

உங்கள் கைக்கு எட்டுவது வீட்டுக்குள் இருக்கும் கடைசிச் சில மீட்டர் வயர்தான். அதையாவது கண்ணால் பாருங்கள். ஃபைபரின் உள்ளே இருப்பது கண்ணாடி இழை. செம்புக் கம்பி போல மடித்துச் செருகி வைக்கக் கூடாது. மடிப்பு கூர்மையாக இருந்தால் ஒளி வளைந்து போகாமல் பக்கவாட்டில் கசிந்துவிடும். டிவி ஸ்டாண்டைச் சுவரோடு ஒட்டித் தள்ளியபோது நசுங்கியது, ஜன்னல் கதவில் சிக்கியது, வீடு கூட்டும்போது துடைப்பத்தில் மாட்டி இழுபட்டது: பெரும்பாலும் கதை இப்படித்தான் இருக்கும். மாடியில் போகும் வயரை எலியும் அணிலும் கடிப்பதும் உண்டு. சுருட்டி வைத்த உபரி வயர் இருந்தால், உள்ளங்கை அகலத்துக்குக் குறையாத வட்டமாகத் தளர்வாகச் சுற்றி வையுங்கள்.

பெட்டியின் அடியில் ஃபைபர் செருகியிருக்கும் தலை பெரும்பாலும் பச்சை நிறத்தில் இருக்கும். அது முழுதாக உள்ளே போய் ‘க்ளிக்’ என்று பிடித்திருக்கிறதா என்று பாருங்கள். நீலத் தலை உள்ள வயரைப் பச்சைத் துளையில் செருகினாலும் உள்ளே போய்விடும், ஆனால் இரண்டின் முனையும் தேய்த்திருக்கும் கோணம் வேறு, ஒளி வீணாகும். தலையைக் கழற்றினால் அதன் முனையைக் கண்ணுக்கு நேரே பிடித்துப் பார்க்கவே கூடாது. உள்ளே வருவது 1490 நானோமீட்டர் லேசர். கண்ணுக்குத் தெரியாது, அதனால்தான் எச்சரிக்கை. குழந்தைகள் இருக்கும் வீட்டில் கழற்றிய முனையை மூடியில்லாமல் தொங்கவிடாதீர்கள். விரலால் முனையைத் தொடுவதும் வேண்டாம், விரலின் எண்ணெய்ப் பசை ஒட்டினாலே ஒளி குறையும்.

இதெல்லாம் சரியாக இருந்தும் சிவப்பு போகவில்லை என்றால் வெளியே எங்கோ அறுந்திருக்கிறது. பக்கத்து வீட்டிலும் அதே கனெக்‌ஷன் இருந்தால் கேட்டுப்பாருங்கள். அவர்களுக்கும் போயிருந்தால் தெருவில் ஃபைபரைப் பிரித்துக் கொடுக்கும் ஸ்ப்ளிட்டருக்கு முன்னால் பழுது, உங்களுக்கு மட்டும் என்றால் ஸ்ப்ளிட்டரிலிருந்து உங்கள் வீடு வரையிலான வயர். லைன்மேனிடம் இதைச் சொன்னால் எங்கே ஏணி போட வேண்டும் என்று அவருக்குப் பாதி தெரிந்துவிடும்.

எல்.ஓ.எஸ் எரியவில்லை, பி.ஓ.என் என்ற லைட் நிற்காமல் மினுக்குகிறது

ஒளி வருகிறது, ஆனால் மறுமுனையில் இருக்கும் கருவி உங்கள் பெட்டியை இன்னும் ஏற்றுக்கொள்ளவில்லை. கரண்ட் போய் வந்ததும் ஒன்றிரண்டு நிமிடம் இப்படி இருப்பது இயல்பு. அதற்கு மேலும் மினுக்கினால் ஒன்று ஒளி மிகவும் பலவீனமாக இருக்க வேண்டும், அல்லது பெட்டியின் வரிசை எண் அவர்களிடம் பதிவாகாமல் இருக்க வேண்டும். புதுப் பெட்டி மாற்றிய மறுநாள் இப்படி வந்தால் இரண்டாவதுதான் காரணமாக இருக்கும்.

ஒளியின் பலத்தை நீங்களே பார்க்கலாம். பிரவுசரில் பெட்டியின் எண்ணை அடித்து உள்ளே போனால் ஆப்டிகல் என்ற பக்கத்தில் ஆர்.எக்ஸ் பவர் என்று மைனஸ் குறியோடு ஓர் எண் இருக்கும். வீடுகளில் பரவலாகப் போடும் ஜீபான் என்ற வகை ஃபைபர் பெட்டிகள் −8 முதல் −27 டிபிஎம் (ஒளியின் பலத்தைச் சொல்லும் அளவு) வரை தாங்கும். −15க்கும் −25க்கும் நடுவே இருந்தால் நிம்மதி. இந்த அளவில் ஒவ்வொரு 3 எண் இறக்கமும் ஒளி பாதியாகக் குறைந்தது என்று அர்த்தம். −27ஐ ஒட்டி நிற்கும் வீட்டில், மழை நாளில் போவதும் வெயில் நாளில் வருவதுமாகக் கண்ணாமூச்சி நடக்கும். அப்படிப்பட்ட வீட்டில் ரவுட்டரை மாற்றிப் பணத்தைப் போடாதீர்கள். ஃபைபரில் இணைப்பு போட்ட இடத்தைத் திரும்ப ஸ்ப்ளைஸ் செய்யச் சொல்லுங்கள், அதாவது இழைகளின் முனைகளைப் புதிதாக ஒட்டச் சொல்லுங்கள்.

பி.ஓ.என் பச்சை, இன்டர்நெட் லைட் மட்டும் சிவப்பு, அல்லது எரியவே இல்லை

ஃபைபர் நன்றாக இருக்கிறது, லாகின் ஆகவில்லை. பி.எஸ்.என்.எல் உட்படப் பல நிறுவனங்கள் பி.பி.பி.ஓ.இ என்ற முறையில் யூசர்நேம், பாஸ்வேர்டு சரிபார்த்துத்தான் உள்ளே விடுகின்றன. முதலில் பிளான் முடிந்துவிட்டதா என்று பாருங்கள். மொபைல் டேட்டாவைப் போட்டு அவர்களின் ஆப்பில் பார்த்தால் தெரிந்துவிடும்.

பணம் கட்டியிருந்தும் வரவில்லை, அதுவும் கரண்ட் போய் வந்த பிறகு வரவில்லை என்றால் இதைச் செய்யுங்கள்: பெட்டியை ஆஃப் செய்து பத்து நிமிடம் முழுதாக அப்படியே விடுங்கள். கரண்ட் திடீரென்று போகும்போது உங்கள் பெட்டி முறையாக லாக்அவுட் ஆகாது. மறுமுனையில் பழைய லாகின் இன்னும் உயிரோடு இருப்பதாகவே கணக்கிருக்கும். ஒரு யூசர்நேமுக்கு ஒரு லாகின்தான் என்று வைத்திருப்பார்கள், ஆகவே புது லாகின் மறுக்கப்படும். ஆஃப் பண்ணி உடனே ஆன் பண்ணுவதால் இது தீராது, அந்தப் பழைய கணக்கு காலாவதியாக நேரம் கொடுக்க வேண்டும். பொறுமையாகக் காத்திருப்பதே இங்கே மருந்து.

அதன் பிறகும் வராவிட்டால் ஸ்டேட்டஸ் பக்கத்தில் டபிள்யூ.ஏ.என் ஐ.பி (வெளிப்பக்கத்திலிருந்து பெட்டிக்குக் கிடைத்த முகவரி) என்ற வரியைப் பாருங்கள். 0.0.0.0 என்றால் லாகின் ஆகவே இல்லை. அங்கேயே ஆதென்டிகேஷன் தோல்வி என்று எழுதியிருந்தால் பாஸ்வேர்டு தவறு, அல்லது கணக்கை நிறுத்தி வைத்திருக்கிறார்கள். கம்ப்யூட்டரிலிருந்தே டயல் செய்பவர்களுக்கு 691 என்ற பிழை எண் சொல்வதும் இதையேதான். 100.64 முதல் 100.127 வரை ஏதோ ஓர் எண்ணில் தொடங்கும் முகவரி இருந்தால் பயப்பட வேண்டாம், அது பழுதில்லை. ஐபிவி4 என்ற பழைய முறை முகவரிகள் பற்றாததால் பல வீடுகளை ஒரே பொது முகவரிக்குப் பின்னால் வைப்பதற்காக 2012ல் தனியாக ஒதுக்கிய எண்கள் அவை.

கேபிள் டிவிக்காரரிடம் கனெக்‌ஷன் வாங்கியவர்களுக்கு ஒரு தனிச் சேதி. சிலர் பழைய ரவுட்டரின் மேக் முகவரியை (கருவியின் அடையாள எண்) தங்கள் பக்கம் பூட்டி வைத்திருப்பார்கள். புது ரவுட்டர் வாங்கி மாட்டியதும் சிக்னல் பிரமாதமாக இருக்கும், நெட் வராது. அவருக்கு போன் போட்டுப் புது மேக்கைப் பதியச் சொல்லலாம், அல்லது ரவுட்டரில் மேக் க்ளோன் என்ற இடத்தில் பழைய எண்ணைப் போடலாம். கடைசித் தூரத்துக்கு ஃபைபருக்குப் பதிலாகச் செம்பு லேன் கேபிள் இழுத்திருந்தால், தெருமுனைப் பெட்டியில் ஒரு ஸ்விட்ச் இருக்கும், அதற்குக் கரண்ட் வேண்டும். உங்கள் வீட்டில் யு.பி.எஸ் இருந்து தெருவில் கரண்ட் இல்லாவிட்டால் வைஃபை இருக்கும், நெட் இருக்காது. ஐப்பசி, கார்த்திகை இடி மின்னலில் ரவுட்டரின் போர்ட் எரிந்துபோவதும் இந்தச் செம்பு கேபிளில்தான் அதிகம். மின்னல் வெட்டும்போது அந்த ஒயரைக் கழற்றி வைப்பது நல்லது.

எல்லா லைட்டும் பச்சை, ஆனாலும் எந்தப் பக்கமும் திறக்கவில்லை

8.8.8.8க்குப் பிங் போகிறது, பெயர்கள் மட்டும் திறக்கவில்லை என்றால் டி.என்.எஸ். பெயரை எண்ணாக மாற்றிக் கொடுக்கும் சேவை நின்றிருக்கிறது. லேப்டாப் இல்லாதவர்களுக்கு ஓர் அடையாளம்: டெலிகிராம் வேலை செய்யும், பிரவுசர் செய்யாது. டெலிகிராம் தன் சர்வர்களின் எண்களை உள்ளேயே வைத்திருப்பதால் பெயர் தேடாமலே போய்ச் சேர்ந்துவிடும்.

தீர்வு சுலபம். ரவுட்டரின் டி.எச்.சி.பி (கருவிகளுக்கு முகவரி கொடுக்கும் வேலை) பக்கத்தில் டி.என்.எஸ் என்ற இரண்டு கட்டங்கள் இருக்கும். முதலில் 8.8.8.8, இரண்டாவதில் 1.1.1.1 போட்டுச் சேமியுங்கள். முன்னது கூகுள் 2009ல் தொடங்கியது, பின்னது கிளவுட்ஃப்ளேர் 2018ல். இரண்டையும் வேறு வேறு நிறுவனத்தின் எண்ணாகப் போடுவதில் காரணம் உண்டு, ஒன்று படுத்தாலும் மற்றது நிற்கும். பிறகு போனில் வைஃபையை அணைத்துத் திரும்பப் போட்டால்தான் புது எண்ணை வாங்கிக்கொள்ளும்.

எந்தப் பக்கம் திறந்தாலும் கனெக்‌ஷன் கொடுத்தவரின் பணம் கட்டும் பக்கத்துக்கே போய் நிற்கிறதென்றால் விளக்கம் தேவையில்லை.

மற்ற எல்லோருக்கும் வருகிறது, என் போனில் மட்டும் வரவில்லை

ரவுட்டரைத் தொடாதீர்கள், அது தன் வேலையைச் செய்துகொண்டிருக்கிறது.

ஆண்ட்ராய்டில் முதல் சந்தேகம் பிரைவேட் டி.என்.எஸ் மேல் இருக்கட்டும். ஆண்ட்ராய்டு 9ல் வந்த வசதி இது. விளம்பரம் வராமல் இருக்க யாரோ சொன்னதைக் கேட்டு அங்கே ஒரு சர்வர் பெயரைப் போட்டுவிட்டு மறந்திருப்போம். அந்த சர்வர் நின்றாலோ, பெயர் மாறினாலோ, ஆபீஸ் வைஃபை அதற்கான 853 என்ற போர்ட்டை அடைத்திருந்தாலோ போனில் எதுவுமே திறக்காது. இதைக் கண்டுபிடிக்க ஒரு தடயம் இருக்கிறது. வீட்டு வைஃபையில் வராதபோது மொபைல் டேட்டாவுக்கு மாறிப் பாருங்கள். அதிலும் வரவில்லை என்றால் அநேகமாக இதுதான், ஏனென்றால் இந்த அமைப்பு இரண்டுக்கும் பொது. செட்டிங்ஸில் நெட்வொர்க் பகுதிக்குப் போய் பிரைவேட் டி.என்.எஸ்ஸை ஆட்டோமேட்டிக் என்று மாற்றுங்கள்.

அடுத்து வி.பி.என், அதாவது நெட் முழுவதையும் வேறொரு சர்வர் வழியாக அனுப்பும் வசதி. மேலே சாவி அடையாளம் தெரிகிறதா என்று பாருங்கள். எப்போதும் இயங்கட்டும் என்று விட்டிருந்த வி.பி.என் ஆப்பின் சந்தா முடிந்துபோயிருக்கலாம். வி.பி.என் இல்லாமல் நெட்டை விடாதே என்ற விருப்பமும் சேர்ந்து போட்டிருந்தால் அதுவே கதவை அடைத்து நிற்கும்.

தேதியையும் நேரத்தையும் பாருங்கள். சார்ஜ் இல்லாமல் மாதக்கணக்கில் கிடந்த போன் பழைய தேதியோடு எழுந்திருக்கும். பாதுகாப்பான தளங்கள் காட்டும் சான்றிதழுக்குத் தொடக்கத் தேதியும் முடிவுத் தேதியும் உண்டு. போன் வேறு வருடத்தில் இருந்தால் சான்றிதழ் செல்லாது என்று ஒவ்வொரு தளத்தையும் தள்ளிவிடும். பழைய டெஸ்க்டாப்பில் ஒவ்வொரு காலையும் இது நடந்தால், மதர்போர்டில் உள்ள 2032 ரக வட்டப் பேட்டரி தீர்ந்துவிட்டது. அதை மாற்றினால் சரியாகிவிடும்.

இன்னொன்று, அதிகம் பேர் யோசிக்காதது. ஆண்ட்ராய்டு 10, ஐபோனில் ஐ.ஓ.எஸ் 14 முதல், ஒவ்வொரு வைஃபைக்கும் போன் ஒரு போலி மேக் முகவரியைக் காட்டுகிறது. தனியுரிமைக்கு மிக நல்லது. ஆனால் ஹாஸ்டலிலோ ஆபீஸிலோ மேக் பார்த்து நெட் கொடுக்கும் இடத்தில், வைஃபையை ‘ஃபர்கெட்’ செய்து புதிதாகச் சேர்ந்தால் நீங்கள் வேறு ஆளாகிவிடலாம். வீட்டில் குழந்தைகளுக்கு நேரக் கட்டுப்பாடு போட்டவர்களும் இதைக் கவனிக்க வேண்டும். அந்த ஒரு நெட்வொர்க்குக்கு மட்டும் போனின் உண்மையான மேக்கைக் காட்டும்படி மாற்றிக்கொள்ளலாம்.

லேப்டாப்பின் ஐ.பி 169.254 என்று தொடங்குகிறது

ரவுட்டர் உங்கள் லேப்டாப்புக்கு முகவரி கொடுக்கவில்லை. கேட்டுக் கேட்டுப் பதில் வராததால் அது தானே ஒன்றை வைத்துக்கொண்டிருக்கிறது. 169.254ல் தொடங்கும் எண் எப்போதும் இதைத்தான் சொல்லும். வைஃபையை ஃபர்கெட் செய்து திரும்பச் சேருங்கள். ரவுட்டரை ஒருமுறை ஆஃப் ஆன் செய்யுங்கள். அதிலும் போகாவிட்டால், முன்பு யாராவது கையால் ஓர் ஐ.பி போட்டு வைத்திருக்கிறார்களா என்று பார்த்துத் தானாக வாங்கும்படி மாற்றுங்கள். விண்டோஸின் நெட்வொர்க் ரீசெட் கடைசி ஆயுதம். சேமித்த எல்லா வைஃபை பாஸ்வேர்டும் போய்விடும், எழுதி வைத்துக்கொண்டு அழுத்துங்கள்.

கடை, பயிற்சி மையம், மேன்ஷன் போன்ற இடங்களில் சாயங்காலம் ஆக ஆகப் புதிதாக வருகிறவர்களுக்கு மட்டும் இப்படி நடந்தால் முகவரிகள் தீர்ந்துவிட்டன. ரவுட்டர் 100லிருந்து 199 வரை கொடுக்கும்படி இருந்தால் நூறு கருவிகளோடு கதை முடிந்தது. காலையில் வந்து டீ குடித்துவிட்டுப் போனவரின் போனுக்கும் 24 மணி நேரம் ஓர் எண் ஒதுங்கிக் கிடக்கும். லீஸ் டைம் என்ற இடத்தில் அதை ஒரு மணி நேரமாகக் குறையுங்கள்.

எக்ஸ்டெண்டர் பக்கத்தில் இருக்கிறேன், முழுக் கோடு, நெட் இல்லை

சிக்னலை நம்பி ஏமாறுவது இங்கேதான் அதிகம். நீங்கள் பார்க்கும் கோடு உங்களுக்கும் எக்ஸ்டெண்டருக்கும் நடுவே உள்ளது. எக்ஸ்டெண்டருக்கும் ரவுட்டருக்கும் நடுவே எப்படி இருக்கிறது என்று உங்கள் போனுக்குத் தெரியவே தெரியாது. சிக்னல் வராத அறையிலேயே எக்ஸ்டெண்டரைச் செருகினால், அதற்கும் சிக்னல் வராது. இல்லாததை அது எப்படி உங்களுக்குக் கொடுக்கும்? ரவுட்டருக்கும் அந்த அறைக்கும் பாதித் தூரத்தில், ரவுட்டரின் சிக்னல் இன்னும் நன்றாக இருக்கும் இடத்தில் செருகுங்கள். ரவுட்டரின் வைஃபை பாஸ்வேர்டை மாற்றியிருந்தால் எக்ஸ்டெண்டரிலும் மாற்ற வேண்டும். மாற்றாவிட்டாலும் அது தன் பெயரைப் பரப்பிக்கொண்டே இருக்கும், நீங்களும் அதில் சேர்ந்து முழுக் கோட்டோடு காத்திருப்பீர்கள்.

மாடிக்கு ஒரு கேபிள் இழுத்து இரண்டாவது ரவுட்டர் வைத்திருக்கும் வீடுகளில் கோளாறு வேறு மாதிரி வரும், அதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும்.

கீழே இருந்து வரும் கேபிளை இரண்டாவது ரவுட்டரின் டபிள்யூ.ஏ.என் போர்ட்டில் செருகினால், இரண்டு பெட்டிக்கும் ஒரே 192.168.1.1 என்ற முகவரி இருக்கக் கூடாது. வெளிப்பக்கமும் உள்பக்கமும் ஒரே எண் வரிசையாக இருந்தால் எதை எந்தப் பக்கம் அனுப்புவது என்று இரண்டாவது ரவுட்டருக்குத் தெரியாது. அதன் முகவரியை 192.168.2.1 என்று மாற்றினால் போதும்.

கேபிளை லேன் போர்ட்டில் செருகினால் இன்னொரு சிக்கல். இப்போது வீட்டில் முகவரி கொடுக்கும் பெட்டிகள் இரண்டு. ஒரு போன் வந்து கேட்டால் யார் முந்திக்கொள்கிறாரோ அவர் கொடுப்பார். கீழே உள்ள பெட்டி கொடுத்தால் நெட் வரும். மேலே உள்ள ரவுட்டர் கொடுத்தால், வெளியே போக என்னிடமே வா என்று தன் எண்ணைக் கேட்வேயாகச் சொல்லும், ஆனால் அதன் டபிள்யூ.ஏ.என் காலியாகக் கிடக்கிறது. ஆகவே ஒரே சோபாவில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் இரண்டு பேரில் அக்காவுக்கு நெட் வரும், தம்பிக்கு வராது. வைஃபையை அணைத்துப் போட்டால் அது தலைகீழாகவும் மாறும். பேய் பிடித்த மாதிரி தோன்றும் இந்தப் பழுதுக்கு ஒரே தீர்வு, மேலே உள்ள ரவுட்டரில் ஆக்சஸ் பாயின்ட் மோடைப் போடுவது, அதாவது முகவரி கொடுக்காமல் வைஃபையை மட்டும் பரப்பும்படி வைப்பது. அந்த வசதி இல்லாத பழைய ரவுட்டர் என்றால் அதில் டி.எச்.சி.பியை அணைத்து, லேன் முகவரியைக் கீழே உள்ள பெட்டியோடு மோதாத 192.168.1.2 போன்ற ஒன்றாக மாற்றிவிடுங்கள். என் அபிப்பிராயத்தில் வீட்டுக்கு இந்த வழியே மேல். பிரிண்டர், டிவி எல்லாம் எந்த மாடியில் இருந்தாலும் ஒன்றையொன்று பார்க்கும்.

சில தளம் திறக்கிறது, சில தளம் பாதியில் நிற்கிறது

கூகுள் தேடல் வரும், வங்கிப் பக்கம் வெள்ளையாகவே நிற்கும். புது ரவுட்டரில் நீங்களே பி.பி.பி.ஓ.இ விவரம் போட்ட பிறகு இப்படி வந்தால் எம்.டி.யு அளவைப் பாருங்கள். நெட்டில் தகவல் சின்னச் சின்னப் பொட்டலங்களாகப் போகிறது, எம்.டி.யு என்பது ஒரு பொட்டலத்தின் உச்ச அளவு, சாதாரணமாக அது 1500 பைட். பி.பி.பி.ஓ.இ தன் தலைப்புக்கு 8 பைட் எடுத்துக்கொள்வதால் மிச்சம் 1492. ரவுட்டரில் 1500 என்று இருந்தால் சின்னப் பொட்டலங்கள் போய்விடும், பெரியவை வழியில் விழுந்துவிடும். 1492 என்று மாற்றுங்கள். அதிலும் தீராவிட்டால் ரவுட்டரில் ஐபிவி6 என்ற புது முகவரி முறையைத் தற்காலிகமாக அணைத்துப் பாருங்கள். அணைத்ததும் சரியானால் பழுது கனெக்‌ஷன் கொடுத்தவரின் ஐபிவி6 பக்கம்.

வருகிறது, போகிறது

அடாப்டரைத் தொட்டுப் பாருங்கள். கை வைக்க முடியாத சூடு, அல்லது பெட்டியின் எல்லா லைட்டும் ஒரு கணம் அணைந்து திரும்ப எரிவது, இரண்டுமே அடாப்டர் சாகப்போகிறது என்பதன் அறிகுறி. புதிது வாங்கும்போது வோல்ட் அச்சு அசலாகப் பழையது போலவே இருக்க வேண்டும், பெரும்பாலும் 12. பின்னின் அளவும் பொருந்த வேண்டும். ஆம்பியர் அதே அளவோ அதற்கு மேலோ இருக்கலாம், குறையக் கூடாது.

அடுக்குமாடியில் இரவு எட்டு மணிக்கு மேல் மட்டும் தடுமாறினால் 2.4 கிகாஹெர்ட்ஸில் நெரிசல். ஒன்றின் மேல் ஒன்று ஏறாத சேனல்கள் 1, 6, 11 மட்டும்தான். காலியாக இருப்பதை எடுங்கள், முடிந்தால் 5 கிகாஹெர்ட்ஸுக்கு மாறுங்கள். மைக்ரோவேவ் அடுப்பும் 2.4ஐ ஒட்டித்தான் இயங்குகிறது. சமையலறைச் சுவருக்கு மறுபக்கம் ரவுட்டர் இருந்தால் இடம் மாற்றுங்கள்.

ரயில் நிலையத்தில், ஓட்டலில் சேர்ந்துவிட்டேன், நெட் இல்லை

ரயில் நிலையங்களில் ரயில்டெல் தரும் ரயில்வயர் போன்ற வைஃபையில் பாஸ்வேர்டு கேட்காது. ஆனால் ஒரு பக்கத்தில் மொபைல் எண் கொடுத்து ஓ.டி.பி போட்ட பிறகுதான் வழி திறக்கும். அந்தப் பக்கம் தானாக வராததுதான் பலருக்குச் சிக்கல். பாதுகாப்பான தளத்தை அந்த வைஃபையால் இடைமறித்துத் திருப்ப முடியாது. ஆகவே பிரவுசரில் கேட்வே எண்ணை நேரடியாக அடித்துப் பாருங்கள், அல்லது வைஃபை பெயரைத் தொட்டு ‘சைன் இன்’ என்பதை அழுத்துங்கள். வி.பி.என், பிரைவேட் டி.என்.எஸ் இரண்டையும் அதுவரை அணைத்து வையுங்கள். ஓ.டி.பி வர மொபைல் சிக்னல் வேண்டும் என்பதையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஆபரேட்டருக்கு போன் போடும்போது

‘அண்ணே, நெட் வரலை’ என்று மட்டும் சொன்னால், ‘மோடத்தை ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்க’ என்ற பதில்தான் வரும். அவரைக் குறை சொல்ல முடியாது, அவருக்குச் சொல்லப்பட்டது அவ்வளவுதான். இப்படிச் சொல்லிப் பாருங்கள்: ‘அண்ணே, பி.ஓ.என் பச்சையா நிக்குது, எல்.ஓ.எஸ் எரியலை. பத்து நிமிஷம் ஆஃப் பண்ணி வச்சுப் பார்த்தாச்சு. டபிள்யூ.ஏ.என் ஐ.பி 0.0.0.0ன்னு காட்டுது. கேபிள் போட்ட லேப்டாப்லயும் வரலை.’ இதைக் கேட்டதும் ஃபைபரில் பழுதில்லை, லாகினில்தான் என்று அவருக்குப் புரிந்துவிடும். வீட்டுக்கு ஆள் அனுப்பாமல் அவர் இடத்திலிருந்தே பழைய லாகினை நீக்கிவிட முடியும். நிறுவனத்தின் பொது எண்ணில் புகார் கொடுத்தால் புகார் எண்ணை வாங்காமல் போனை வைக்காதீர்கள்.

ஃபைபர் அறுந்து லைன்மேன் வந்து சரிசெய்தால், அவர் கிளம்பும் முன் ஒரே ஒரு உதவி கேளுங்கள்: கையில் இருக்கும் பவர் மீட்டரில் ஒளி எவ்வளவு வருகிறது என்று காட்டச் சொல்லுங்கள். அந்த எண்ணையும் தேதியையும் ஒரு சீட்டில் எழுதிப் பெட்டியின் பக்கவாட்டில் ஒட்டி வையுங்கள். பி.பி.பி.ஓ.இ யூசர்நேமையும் அதிலேயே எழுதுங்கள், பாஸ்வேர்டை மட்டும் வேறு இடத்தில் பத்திரமாக வையுங்கள். அன்று −20 இருந்தது இன்று −25 என்று வந்தால், நெட் இன்னும் ஓடிக்கொண்டிருந்தாலும் எங்கோ ஓர் இணைப்பு கெட்டுக்கொண்டு வருகிறது. முழுதாகப் போவதற்கு முன்பே அவரைக் கூப்பிட்டுவிடலாம்.